வேறு மாதிரி கத்திய தவளை

லேத் அண்ணன் அனுப்பிய முதல் படத்தில் ஒரு தவளையும், அளவு தெரிவதற்காக அதன் பக்கத்தில் வைத்த ஸ்டீல் ஸ்கேலும் இருந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் எந்திரம் ஓட்டுபவர் அவர். ஷிப்ட் முடிந்ததும் கோவில்பதாகை ஏரிக்கரைக்குப் போய்விடுவார். பார்த்த உயிர்களையெல்லாம் எங்கள் உயிரினக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் பதிவு செய்து அனுப்புவார். அந்தத் தவளைக்குப் பெயர் எழுதும் இடத்தில், 'தெரியாது, வேறு மாதிரி கத்துகிறது' என்று எழுதியிருந்தார்.

விலங்கியல் படித்த எனக்கு, இப்படி வருகிற பதிவுகளை வகைப்படுத்தி, உலகத்தோடு பகிரும் பட்டியலில் ஏற்றுவதுதான் வேலை. அந்தப் பட்டியலில் குரலுக்குக் கட்டம் கிடையாது. இனத்தின் பெயரைக் காலியாக விட்டால் வரி சிவப்பாகும். ஒரு வரி சிவப்பானாலும் அன்றைய தொகுப்பு மொத்தமும் நின்றுவிடும். அன்று மணி ஆறாகிவிட்டது, நான் ஆவடி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்த சாதாரணத் தவளையின் பெயரைப் போட்டேன். வரி பச்சையானது. பெரிய சாதனை!

அடுத்த மழைக்காலத்தில், க்ரீஸ் போகாத கையில் போனோடு லேத் அண்ணனே அலுவலகத்துக்கு வந்து நின்றார். அதில் பிடித்து வைத்திருந்த அந்தத் தவளையின் குரலைப் போட்டுக் காட்டினார்.

"தெர்லன்னுதானே எழுதினேன், இன்னாத்துக்கும்மா அந்தப் பேரைப் போட்டுகீறீங்க? இது வேற தவளைம்மா, கேளுங்க."

கேட்டேன். வேறுதான். தவறு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. திரையைத் திருப்பி, அந்த ஏரிக்கு அதே பெயரைச் சொல்லும் ஐந்தாறு பட்டியல்களைக் காட்டினேன். "எல்லாத்துலயும் அப்படித்தாண்ணே இருக்கு." அத்தனையும் என் ஒரே வரியைப் பார்த்து எழுதியவை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"இத்தினி பேரு சொல்றாங்கன்னா என் காதுதான் கோளாறு போல. நாள் முச்சூடும் லேத் சத்தத்துலயே கீறேன்ல," என்று சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அந்த வரியைத் திருத்த எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். நான் தவறு செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதாது. நேரில் பார்த்தவர் எழுதிய பெயர்தான் செல்லும் என்பது விதி. வெட்கமாக இருக்கிறது. நேரில் பார்த்த ஒருவரின் பதிவைத் தேடி, நகல்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தேன். என் வரியிலிருந்து பிறக்காத பதிவு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதே ஏரி, அதே தவளை, அன்று திரும்பிப் போனபிறகு அண்ணன் கடைசியாக அனுப்பியது. இந்த முறை 'தெரியாது' என்று இல்லை, நான் வைத்த பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்.