சொந்த விருப்பத்தின் பேரில்

எங்கள் மலை மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் கேட்டு அனுப்பிய கருத்துருவைத் தட்டச்சு செய்தவள் நான். அங்கே தொகுப்பூதியத்தில் கணினிப் பதிவு வேலை பார்க்கிறேன். பெரிய டாக்டரம்மா சொல்லச் சொல்ல அடிப்பேன். பிறகு வீட்டில் மகனுக்குச் சோறூட்டும்போது, "தேவைப்படுகிறது" என்று போட்டது போதுமா, "மிகவும்" சேர்த்திருக்க வேண்டுமா என்று மனம் அதிலேயே சுற்றும்.

மூன்று தளம் கேட்டிருந்தோம். இரண்டுக்குத்தான் நிதி என்றும், எதை விடலாம் என்று பார்க்க ஓர் அதிகாரி நேரில் வருவார் என்றும் பதில் வந்தது. மூன்றாம் தளத்தில்தான் குழந்தைகள் வார்டைப் போட்டிருந்தோம். இப்போது இருப்பது பொது வார்டின் ஓரத்தில் தடுப்பு வைத்துப் பிரித்த நான்கு கட்டில்கள்.

சேர்த்த பிள்ளை சமவெளி ஆஸ்பத்திரிக்குப் போனால் பதிவேட்டில் இரண்டில் ஒன்றை எழுதுவேன். டாக்டர் அனுப்பினால் "மேல்சிகிச்சைக்கு". பெற்றோர் தாங்களாகக் கேட்டுப் போனால் "சொந்த விருப்பத்தின் பேரில்". இரண்டாவதுதான் அதிகம். மரம் விழுந்தோ, மண் சரிந்தோ, சீசன் நெரிசலிலோ பாதை எப்போது அடைபடும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு நோய் அதிகமான பிறகு பாதை இல்லாமல் போனால் என்ன செய்வது? அதனால் சுமாராக இருக்கும்போதே இறங்கிவிடுவார்கள்.

மே மாதத்தில் என் மகனுக்கு மூச்சு இழுத்தது. இரண்டு வயது. நெபுலைசர் வைத்துவிட்டு டியூட்டி டாக்டர் சொன்னார்: "இங்கயே பாத்துக்கலாம்மா. ஒங்களுக்குப் பயமா இருந்தா கூட்டிட்டுப் போங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே பாதையை மறைத்து மலை மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. போகிறேன் என்றேன். வட்டக்கானலில் விடுதி வேலையில் இருந்த கணவர் ஜீப்போடு வந்தார். பாதி மலையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அந்த வரிசையிலேயே மகன் தூங்கிப்போனான். அடிவாரம் சேர்வதற்குள் மூச்சும் சீராகிவிட்டது. கீழே இருந்த டாக்டர், "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்றார்.

மறுநாள் வேலைக்கு வந்து மகன் பெயருக்கு எதிரே நானே எழுதினேன்: சொந்த விருப்பத்தின் பேரில். அது உண்மைதானே.

அதிகாரி வந்து அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். பென்சில் முனையை வரி வரியாக ஓட்டினார்.

"ஏம்மா, பாதி நாளு கட்டிலு காலியால்ல கெடக்கு. எல்லாம் சொந்த விருப்பம், சொந்த விருப்பம்னு எழுதியிருக்கு. விரும்பிப் போறவங்களுக்கு இங்க எதுக்கு ஒரு வார்டு?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கையெழுத்து என்னுடையது.

"விரும்பிப் போகலைங்க சார். பாதை தெறந்திருக்கும்போதே எறங்கிரணும்னு போறாங்க."

"யாரு சொன்னா?"

"நானே போனேன் சார். இது என் பையன்தான்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "ஆபீஸ் ஸ்டாஃபே தங்காத ஆஸ்பத்திரிக்கு நான் என்னன்னும்மா மாடி கேக்குறது?"

போகும்போது, மழைக்காலம் முடியட்டும், அதுவரை கட்டில் நிறைந்திருந்தால் மூன்றாம் தளத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன் என்றார். டாக்டரம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நர்ஸ் அக்காதான் கேட்டார்: "ஒன்னைய யாரு தாயி பையனக் காட்டிக் குடுக்கச் சொன்னா?"

உதவி செய்வதாக நினைத்துத்தான் பேசினேன். "மேல்சிகிச்சைக்கு" என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அப்படி எழுதினால் பொய்யல்லவா? இந்த இரண்டுக்கும் நடுவே பல நாள் கிடந்தேன்.

ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம், மகனுக்கு மறுபடியும் இழுத்தது. தடுப்புக்குள் நான்கு கட்டிலும் காலி. அதே டாக்டர், அதே பதில். கணவர் போனில் அவசரப்படுத்தினார்.

"இப்பக் கெளம்புனா வெளிச்சத்துலயே எறங்கிரலாம். வெரசா சொல்லு."

"இருக்கோங்க."

"டாக்டரம்மா இருக்கச் சொன்னாங்களா?"

"இல்லங்க."

"பின்ன? ஒன் சோலிக்காகவா புள்ளைய அங்க வச்சிருக்க?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். மகனுக்காக இருக்கிறேனா, கட்டிலுக்காக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் பூண்டு விளையும் மேல்மலைக் கிராமத்திலிருந்து ஒருத்தி நனைந்த பிள்ளையோடு வந்தாள். பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார்கள். நெபுலைசர் முடிந்தும் அவள் உட்காரவில்லை. தோளில் பை அப்படியே தொங்கியது.

"நீங்க இங்க வேல பாக்குறவங்கதான?"

ஆமாம் என்றேன்.

"கீழ போகாம நீங்களே இருக்கீங்க. அப்ப நாங்களும் இருக்கலாமா?"

"டாக்டரக் கேட்டுக்கங்கக்கா."

"அவரு இருக்கலாம்னுதான் சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

மழை வலுத்திருந்தது. பாதை இன்னும் திறந்துதான் இருந்தது. போங்கள் என்றால் நான் ஏன் இருக்கிறேன் என்று கேட்பாள். இருங்கள் என்றால் அவள் பிள்ளைக்கும் நான் பொறுப்பு.

"இருங்கக்கா" என்றேன்.

அவள் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஈரத் துணியை அவிழ்த்துப் பிள்ளைக்கு உலர்ந்த சட்டை மாட்டினாள். நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒரு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பதும், திரும்பி மற்றதைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.