மினாயோவின் ஐந்தரை மணி

"தலைய ஆட்டாதே, விரல மட்டும் ஆட்டு" என்கிறாள் மினாயோ. நாற்காலியில் இருக்கும் பெண்ணின் முடியை அவள் பின்னிக்கொண்டிருக்க, போன் அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. இவள் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். நைரோபியின் கவாங்வாரேயில் என் தங்கையிடம் சடை பின்ன வருகிற யாரும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது.

நான் பக்கத்துக் கடையில் துணி தைக்கிறேன். நடுவில் பலகைச் சுவர்தான். அவள் பேசுவதெல்லாம் கேட்கும். குழாயில் பதினோரு நாள் தண்ணீர் வராதபோது ஒரு ஹேஷ்டேக் போட்டாள். பன்னிரண்டாம் நாள் வந்தது. மாலை ஐந்தரைக்கு முன் எதையும் வெளியே விடமாட்டாள். "அப்பத்தான் நைரோபியே பஸ்ஸுல மாட்டிக்கிட்டு நிக்கும். பாதி ஊரு போனத்தான் நோண்டிட்டு இருக்கும்" என்பாள். தெருவே ஒன்றாகத் தட்ட வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் திட்டு விழும்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முனையில் மோட்டார் சைக்கிள் சவாரி ஓட்டுகிற பாபா நீமாவை எண் பலகையில்லாத காரில் வந்த நான்கு பேர் இழுத்துப் போனார்கள். முந்தின வாரம் அரசை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்றவர். எந்தக் காவல் நிலையத்தில் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்றார்கள்.

அவர் மனைவி அடையாள அட்டையின் நகலோடு ஓடி வந்தார். அதில் இருந்த பெயரை மினாயோ அப்படியே எடுத்தாள்: #ஜோஸ்பாத்அமுகோயாஎங்கே. ஐந்தரைக்கு எல்லோரும் தட்டினார்கள். ஆறரைக்கு எண்ணினால் நாற்பத்தொரு பேர். அத்தனையும் எங்கள் தெரு.

மறுநாள் சடை பின்ன வந்த அதியாம்போ கேட்டாள்: "யாருடி அந்த ஜோஸ்பாத்? ஒனக்குப் பாத்த மாப்பிள்ளையா?"

"ஒன்னை தெனம் சந்தைக்கு ஏத்திட்டுப் போறவருடி."

"என்னது, பாபா நீமாவா? அட பாவி, அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" பாதிப் பின்னலோடு எழுந்துவிட்டாள்.

எங்களில் முதல் பிள்ளை பிறந்ததும் ஆணின் சொந்தப் பெயர் அட்டைக்குள் போய்விடும். பிறகு அவர் பிள்ளையின் அப்பாதான்; பாபா நீமா என்றால் நீமாவின் அப்பா. இது மினாயோவுக்குத் தெரியாதா? சீப்பால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரு நாள வீணாக்கிட்டேனே, கழுத நான்!"

அன்று ஐந்தரைக்கு: #பாபாநீமாஎங்கே. அவர் பின்னால் ஒரு முறையாவது உட்கார்ந்து போனவர்கள் எல்லாம் வந்தார்கள். மழையில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார் என்றாள் ஒருத்தி. என் மகன் பிறக்கும் முன் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் என்றாள் இன்னொருத்தி. ஏழு மணிக்கு இருபத்தாறாயிரம் பேர். அக்ராவிலிருந்தும் லாகோஸிலிருந்தும் கேட்டார்கள். மறுநாள் காலையில் வானொலியும் அதையே கேட்டது.

வியாழன் பிற்பகல் இரண்டு பத்துக்கு, மினாயோவின் கடையில் காத்திருந்த அவர் மனைவியின் போன் அடித்தது. லிமுரு சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம்; தேநீர்க்காரர் ஒருவரின் போனில் பாபா நீமாவே பேசினார்.

"அவருதான்! அவரு கொரல்தான்!" என்று அந்த அம்மா கத்தியது என் தையல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தெருவே கடைமுன் கூடிவிட்டது.

நாலரைக்கு அவரே வந்தார். செருப்பில்லை, முகம் வீங்கியிருந்தது, சிரித்தார். ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள்.

"போட்டோவெல்லாம் அப்பறம். நகருங்க" என்று மினாயோ அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். முடிக்குள் பத்து விரல்களையும் விட்டு, காயம் தேடி, மெல்லப் பின்னால் நகர்த்தினாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல தாயி."

விரல்கள் பிடரிவரை போயின. பிறகு மறுபடி நெற்றியிலிருந்து தொடங்கின.