கொச்சியா, திருவனந்தபுரமா

திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது அந்த டிக்கெட் ஆபீஸ். பிரேமா அங்கே இருபத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். பூதப்பாண்டியிலிருந்து வந்தவள். ஊரில் பாதிப் பேரை விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அவள் மட்டும் ஒருதரம்கூட ஏறியதில்லை. யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், "எல்லா நோயும் தனக்கு வந்த பெறவா டாக்டர் மருந்து எழுதுதாரு?" என்பாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள், சாலைக்கடைப் பக்கம் குடியிருக்கும் கோமதியம்மாள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்தாள். எழுபத்தெட்டு வயது. அவளுடைய ஒரே தம்பி தாணுமாலையன் புனேயில் மகன் வீட்டில் இருக்கிறார். கைநடுக்க நோய் வந்து நடையும் தளர்ந்துவிட்டது. அக்காளும் தம்பியும் நேரில் பார்த்து ஒன்பது வருடமாகிறது. பங்குனித் திருவிழாவுக்கு எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

"கொச்சிக்கு நேர் பிளைட்டு உண்டாம் மக்ளே. அங்கேருந்து கார்ல வந்திரலாம்னு அவன் மகன் சொல்லுதான். இங்கன்னா பெங்களூர்ல எறங்கி மாறணுமாம். ரெண்டு தடவ ஏறி எறங்க அவனுக்கு வய்யாது, கேட்டியா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கொச்சி விமான நிலையத்திலிருந்து இங்கே வந்து சேர ஐந்தாறு மணி நேரமாகும். "அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் அம்மா" என்று நம்பரை வாங்கிவைத்துக்கொண்டாள் பிரேமா.

சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய்தாள். தாணுமாலையனின் குரல் மெலிந்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது. மாத்திரை எந்த நேரம், எவ்வளவு நேரம் உட்கார முடியும், படி ஏறுவாரா என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், கார் பயணம் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"சார்?"

"முக்கால் மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போணும்மா. அவசரம்னா அவசரம்தான். வழியில எங்கயாவது நிறுத்திக்கலாம்னு மகன் சொல்லுதான். கண்ட ஓட்டல்ல, கண்ட படியில ஏறி, நாலு பேரு பாக்க..." குரலைத் தாழ்த்தினார். "அக்காட்ட சொல்லீராத. அவளுக்கு நான் இன்னும் சின்னப்பய ஆக்கும்."

பிரேமா அப்போதே முடிவு செய்துவிட்டாள். திருவனந்தபுரம்தான். பெங்களூரில் மூன்று மணி நேர இடைவெளி, சக்கர நாற்காலி, இரண்டு விமானத்திலும் முன்வரிசையில் நடைபாதையை ஒட்டிய இருக்கை. கழிப்பறை அங்கிருந்து நாலு எட்டுதான். திருவிழாவின் கடைசி நாளில், சுவாமி கடலில் நீராடும் ஆறாட்டு நாளன்றே தம்பி வந்திறங்க வேண்டும் என்றாள் கோமதியம்மாள். அன்றைக்குச் சுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். பிற்பகலிலிருந்து பல மணி நேரம் விமானம் இறங்காது. முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் வந்த காரியம் கெட்டுவிடும். அதனால் முந்தின நாள் மதியத்துக்கே டிக்கெட் போட்டாள் பிரேமா.

"நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு செய்யுத" என்று கோமதியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்ல வழியில்லை. "என் பொறுப்பாக்கும் அம்மா" என்று மட்டும் சொன்னாள் பிரேமா.

அடுத்து, வண்டி. ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், தாணுமாலையனின் தளர்ந்த காலுக்கு எது தோது என்று அறிய, துப்பட்டாவால் முழங்கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்த்தாள். உயரமான காரில் காலையே தூக்க முடியவில்லை. ஆட்டோவில் பிடித்துக்கொள்ள வாகில்லை. டிரைவர் சத்தியதாஸின் பழைய காரில்தான் முதலில் உட்கார்ந்துகொண்டு பிறகு காலை உள்ளே திருப்ப முடிந்தது.

"எக்கா, உங்களுக்கு என்னாச்சு?" என்றார் சத்தியதாஸ் பதறிப்போய்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. புதன்கிழமை வண்டி எனக்கு வேணும்."

புதன்கிழமை கோமதியம்மாளோடு பிரேமாவும் விமான நிலையத்துக்குப் போனாள். விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. சக்கர நாற்காலி வெளியே வந்ததும் கோமதியம்மாள் கிட்டே போய்க் குனிந்தாள். தம்பியின் ஆடும் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அது அங்கேயும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. "மெலிஞ்சு போயிட்டியேடா" என்றாள் கடைசியில்.

வீட்டுக்கு இருபது நிமிட வழி. ஆனால் வழியில் வள்ளக்கடவில் மறுநாள் ஊர்வலத்துக்காக மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள், வண்டிகள் நின்றுவிட்டன. பதினைந்து நிமிடம் போயிற்று. அதுவரை அக்காளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த தாணுமாலையன் திடீரென்று முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். முன்னால் உட்கார்ந்திருந்தபடியே கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் பிரேமாவுக்குப் புரிந்துவிட்டது.

"சத்தியதாஸ், அந்தப் பச்சை கேட்டுக்கு முன்னால ஒதுக்குங்க. சபீனா வீடு, நமக்குத் தெரிஞ்சவங்கதான். எனக்கு பாத்ரூம் போணும்."

"இப்பமா?" என்றாள் கோமதியம்மாள். "வீடு வரைக்கும் பொறுக்காதா?"

"சுகர் உண்டும்மா. அடக்க முடியாது."

"ஐயோ, இந்த வயசிலயா!"

"அப்பம் நானும் எறங்கி காலை நீட்டிக்கிடுதேன்" என்றார் தாணுமாலையன் மெதுவாக.

சபீனாவின் வீட்டில் வாசற்படி ஒன்றுதான். அவர் உள்ளே போனதும் பிரேமா முன்னறையில் நின்று சபீனாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். காருக்கு நடக்க அவள் தோளில் கை வைத்தார்.  அந்தக் கை ஒருதரம் தோளை அழுத்தியது.

மறுநாள் கோமதியம்மாள் பிரேமாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பந்தியில் எல்லோருக்கும் பாலடைப் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவள், பிரேமாவின் இலைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினாள். "உனக்கு மோருதான். பாகற்காய் வத்தல் கட்டி வச்சிருக்கேன், கொண்டு போ." பிரேமா மோரைக் குடித்தாள்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். சுவரைப் பிடித்தபடி தாணுமாலையன் வந்தார். மறு கையில் டம்ளர். நடுக்கத்தில் பாதிக்கு மேல் சிந்தி, முழங்கை வரை பாயசம் வழிந்திருந்தது.

"அவ ஆறாட்டு பாக்க துணி மாத்துதா. சட்டுனு குடி."

"சார், நீங்க ஏன்..."

"சார் என்ன சார்? அண்ணன்னு விளி."

மிச்சமிருந்தது இரண்டு வாய்தான். பிரேமா அவர் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.