வேப்பிலை கட்டிய வீடு

என் கடைசி நாத்தனார் கொளஞ்சியம்மாளைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் படுத்திருந்த நல்ல பாம்பை விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் பால் கறக்கப் போனவள். சர்க்கார் வேன் ஒன்றுதான் அவளுக்கு ஆகாது.

காரணம் உண்டு. என் மாமியாருக்குத் திருவதிகையில் ஒரு தம்பி, பொன்னுரங்கம் என்று பெயர். எமர்ஜென்சி காலத்தில் தேர் பார்க்கப் போனவரை, சோறு போடுகிறோம் என்று வேனில் ஏற்றிக் கொண்டுபோய், குடும்பக் கட்டுப்பாடு பண்ணி, கையில் ஒரு வாளியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கொளஞ்சியின் புருஷன் தங்கராசு. புவனகிரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார்கள். அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை வலக்கால் விழுந்துவிட்டது. வந்துகொண்டிருந்த முதியோர் பணத்தையும், பிள்ளை இருக்கிறான் என்று நிறுத்திவிட்டார்கள். பிள்ளை தமிழ்மணி பெண்டாட்டியோடு திருப்பூரில் இருக்கிறான். இருக்கிறான், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பத்து மாசியில் புவனகிரிக்கு மந்திரி வருகிறார் என்றார்கள். குண்டும் குழியுமாகக் கிடந்த ரோடு ஒரே நாளில் தார் பூசிக்கொண்டது. நடக்க முடியாத பெரியவர்களை வீட்டு வாசலிலேயே வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், முகாமில் பார்த்து இலவச வைத்தியத்துக்கு அனுப்புவார்கள் என்று தலையாரி ராமாமிர்தம் தெருத்தெருவாகச் சொல்லிப் போனார். நான் ஓடிப்போய்க் கொளஞ்சியிடம் சொன்னேன்.

"அண்ணி, இந்த ரோட்டுக்கு எத்தினி மனு குடுத்தோம், நடந்துச்சா? இப்பக் கேக்காமயே ஊட்டுக்கு வேன் வருதுன்னா என்னா அர்த்தம்?"

"மந்திரி வராருடி, அதான்."

"மந்திரிக்கு எம் புருசன் காலு எதுக்கு?"

டீக்கடை சின்னையன் வேறு அவளைக் கலைத்துவிட்டிருந்தான். வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டால், ஆள் போன பிறகு மனையை எழுதி எடுத்துக்கொள்ளுமாம். பேப்பரில் போட்டிருக்கிறதாம். சின்னையனுக்குப் பேப்பரில் வடை மடிக்கத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் பார்த்தால் அவள் வீட்டு நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை. அம்மை போட்ட வீட்டுக்குள் எங்கள் பக்கத்தில் அன்னியர் கால் வைக்க மாட்டார்கள். வேனோடு வந்த ராமாமிர்தம் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே தங்கராசு வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

வேன் போனதும் ஜீப் வந்தது. சுகாதார ஆபீசர், ஒரு போலீஸ்காரர், பிளீச்சிங் பவுடர் மூட்டை.

"மந்திரி வர்ற ரோட்டுல அம்மையா? யாருக்கும்மா?"

கொளஞ்சி நிலையில் இருந்த வேப்பிலையைக் கையால் காட்டினாள். ஆபீசர் உள்ளே போய்த் தங்கராசுவின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"ஒரு கொப்புளம்கூடக் காணுமே. அரசாங்கத்தையே ஏமாத்துறியா? ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவேன்."

போலீஸ்காரர் தடியைத் தரையில் தட்டினார். அப்போது தங்கராசு கோணிய வாயால் சொன்னார்:

"எனக்குத்தான் சார். முதுவுல இருக்கு. சட்டையத் தூக்கித் தொட்டுப் பாருங்க."

ஆபீசர் வாசலுக்கே வந்துவிட்டார். வீட்டைச் சுற்றிப் பவுடரைக் கொட்டி, மந்திரி போகிறவரை யாரும் வெளியே வரக்கூடாது என்று போலீஸ்காரரை நிறுத்திவிட்டுப் போனார். மத்தியானம் சைரன் ஊதிக்கொண்டு கார் காராகப் போனது. முகாமும் அதோடு முடிந்தது.

சாயங்காலம் கொளஞ்சி அவரைக் கேட்டாளாம்.

"போவணும்னு இருந்துச்சாய்யா?"

"இருந்துச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட?"

அன்றைக்கே அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகத் துடித்தாள். ஆனால் அம்மை என்று வாயால் சொல்லியாகிவிட்டதே. மந்திரியை ஏமாற்றலாம், மாரியாத்தாளை ஏமாற்ற முடியுமா? வராத அம்மைக்குத் தாளிக்காமல் சமைத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீரில் அந்த மனுஷனுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் தண்ணீர் முடிந்ததும் அந்தோணிசாமி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலைத் தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம், ஆனாலும் பயிற்சி கொடுத்தால் தடி ஊன்றி நடப்பார், இங்கேயே தங்கட்டும் என்றார்.

"நானும் தங்குறேன்."

"ஆம்பளைங்க வார்டும்மா."

"அப்ப அவர உட்டுட்டுப் போவணுமா? காத்தால வந்து கேட்டா, அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லமாட்டீங்கன்னு என்னா நிச்சயம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கொளஞ்சி சிரிக்கவில்லை. வார்டு ஜன்னலுக்கு வெளியே, மண்ணில் முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டாள். வெற்றிலை ஒரு வாய் மென்று துப்புகிற நேரத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கிக் குரல் கொடுப்பாள்.

"யோவ், இருக்கியா?"

உள்ளேயிருந்து பதில் வரும்.

"எங்கடி போவேன்? காலு வந்தாத்தான போவ!"