அத்திமரத்துக்குப் பக்கத்தில புதைச்ச ஜூனிப்பர்

மரம் செத்த பிறகும் பச்சையா நிக்கும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. இதை முதல்ல சொல்லவேணும். இல்லாட்டி உயிரோட இருந்த மரத்தை நான் ஏன் கொண்டுபோய் மண்ணுக்குள்ள தாட்டனான் எண்டு உங்களுக்கு விளங்காது.

என்ரை எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் ஒரு பொன்சாய் மரம் வாங்கித் தந்தவ. ஜூனிப்பர் எண்டு பேராம். ஒரு சாண் உயரம், ஆனா தடியைப் பார்த்தால் நூறு வயசுக்காரன் நாரிப்பிடிப்போட குனிஞ்சு நிக்கிற மாதிரி. கண்டவுடன எனக்கு அதில ஆசை விழுந்திட்டுது. நாங்கள் இருக்கிறது பிரெஞ்சு கதைக்கிற ஒரு குளிர் ஊரில, வில்லரே எண்ட பகுதியில, மேல் மாடியில. எங்கட வீட்டில செடியெண்டால் கறிவேப்பிலை ஒண்டுதான். இஞ்சத்தைத் தமிழாக்களின்ரை வீடுகளுக்குப் போனால் உங்களுக்குத் தெரியும், ஒக்டோபர் பிறந்தால் முதல் வேலை கறிவேப்பிலைச் சாடியை உள்ளுக்கை தூக்கிறது. பிள்ளையளுக்குக் குளிர்க் கோட் வாங்கிறதெல்லாம் அதுக்குப் பேந்துதான்.

அப்பிடித்தான் ஜூனிப்பரையும் தூக்கிக் கொண்டந்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில, ஹீற்றருக்குக் கிட்ட, சாமிப்படத்துக்குக் கீழ வைச்சம். என்ரை மனுசி காலமை விளக்கு வைச்ச கையோட அதுக்கும் அரைச் செம்பு தண்ணி வார்ப்பா. வெளியில மைனஸ் இருபத்தஞ்சு. உள்ளுக்கை எங்கட மரம் பச்சைப் பசேலெண்டு நிக்குது! வந்த சனத்துக்கெல்லாம் காட்டிப் புளுகினன்.

மார்ச்சில கீழ்வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் குழாய் திருத்த வந்தார். அவர்தான் எங்கட வீட்டுச் சொந்தக்காரர். அவருக்கும் எனக்கும் நடுவில ஒரு முப்பது பிரெஞ்சுச் சொல்லு இருக்கும், அதில பாதி நான் வேலை செய்த றெஸ்ரோரன்ற் குசினியில பொறுக்கினது. மனுசன் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகத்தால தடியில கொஞ்சம் சுரண்டினார். உள்ளுக்கை காஞ்ச விறகு. "மோர்" எண்டார். செத்துப் போச்சாம். எப்ப எண்டு கேட்டன். மூண்டு விரலைக் காட்டினார். மூண்டு மாசம்! பிணத்துக்கெல்லோ தண்ணி வாத்திருக்கிறம்! அந்தச் சாடியில செருகியிருந்த பேர் மட்டையை வாசிச்சுப்போட்டுக் கதவுப்பக்கம் கையைக் காட்டினார். வெளியில வைக்கிற மரமாம் அது. குளிரில நித்திரை கொள்ளாட்டி அதுக்குச் சீவியம் இல்லையாம்.

மகள் அடுத்த மாசமே இன்னொண்டு வாங்கிக் கொண்டு வந்திட்டா. மனுசி அதை வாசலிலயே மறிச்சா.

"இஞ்சேருங்கோ, இதுதான் கடைசி. இதையும் சாக்காட்டினியள் எண்டால் இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு சாடியும் வரக்கூடாது. கறிவேப்பிலை என்ரை, அதில கை வைக்கவும் கூடாது."

"ஓம்" எண்டன். சாடியைக் கொண்டுபோய்ப் பல்கனியில வைச்சன்.

கோடையில பெரிய சந்தோசம். நான் நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனா ஒரு றெஸ்ரோரன்ற்றில இருபத்தாறு வருசம் மரக்கறி வெட்டினவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூடை வெங்காயம் வெட்டுவன். ஒருநாள் வெட்டின வேகத்தைப் பார்த்து பெரிய குசினிக்காரன் நேரம் பிடிச்சுப் பார்த்தவன், சரி, அது வேற கதை. அந்தக் கைப்பழக்கத்தில மீன் வெட்டிற கத்திரிக்கோலை எடுத்து, ஜூனிப்பருக்கு சலூனில தலைமயிர் வெட்டிற மாதிரிச் சுத்திவர வெட்டிப்போட்டன். அஞ்சு நிமிசம் செல்லேல்லை. உருண்டையா, வடிவா வந்திது. பத்து நாளில வெட்டின நுனியெல்லாம் மண்ணிறமாக் கருகிப் போச்சு.

கிழவர் தலையில கை வைச்சார். பேந்து பக்கத்தில இருந்து காட்டினார். நுனியில வெட்டாத. கொப்பைப் பிடிச்சு உள்ளுக்கை போ, அது எங்க கவராப் பிரியுதோ அங்க ஒரு வெட்டு. ஒண்டு வெட்டினால் கத்திரிக்கோலை வைச்சிட்டுப் பார். ஒரு கொப்பிலயும் பச்சையை முழுக்க எடுத்துப்போடாத, எடுத்தால் அந்தக் கொப்பு பட்டுப்போகும். ஒரு வெட்டு, ஒரு கோப்பி. எனக்கு அது வெங்காயத்தை விடக் கஷ்டமான வேலை. ஆனா பாருங்கோ, கொப்புகளுக்கு நடுவில வெளிச்சம் விழத் தொடங்கின அண்டைக்கு எனக்குத் துள்ளோணும் போல இருந்தது.

நவம்பர் வந்திது. கிழவரின்ரை பின்வளவில ஒரு அத்திமரம் நிக்குது. ஒவ்வொரு வருசமும் அதைக் கயித்தால கட்டி, ஒரு பக்க வேரை வெட்டி, குழிக்குள்ள சரிச்சுப் படுக்க வைச்சு, பலகையும் பழைய காப்பெற் விரிப்பும் போட்டுக் குளிர் படாமல் மூடுவார். நாங்கள் வந்த முதல் வருசம் மனுசி அதை யன்னலால பார்த்திட்டு, "ஐயோ, ஆரையோ தாட்டுப்போட்டார்" எண்டு பயந்தவ. இந்த முறை அத்திக்குப் பக்கத்தில, வேலியோரம், காத்தும் வெயிலும் படாத மூலையில நானும் ஒரு குழி வெட்டினன். ஜூனிப்பரைச் சாடியோட இறக்கி, சாடி மறையுமட்டும் மண்ணும் சருகும் போட்டன். எலி பட்டையைக் கொறிக்காமல் சுத்திக் கம்பிவலை. மனுசி மேல நிண்டு பார்த்தா. பார்த்துப்போட்டு யன்னல் சீலையை இழுத்து மூடினா.

இனிச் செய்ய ஒண்டுமில்லை, விட்டிடு எண்டார் கிழவர். விட்டிடுறது லேசே? முதல் ஸ்னோ மூடினவுடன நிம்மதியா இருந்தது. ஸ்னோ அதுக்குப் போர்வை. தை மாசத்தில ஒருக்கா மழை பெய்து போர்வை முழுக்கக் கரைஞ்சு போச்சு! மரம் வேலியோரத்தில உரிஞ்சுபோட்டு நிக்குது. நாளைக்கு மைனஸ் இருபத்தெட்டு எண்டு ரீவியில சொல்லுறான்.

ஊத்தை உடுப்புப் போடுற கூடையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினன். ஓரத்தில குவிச்சிருந்த ஸ்னோவை அள்ளினன்.

"உங்களுக்கு விசரே?" மனுசி பல்கனியில நிண்டு கத்துறா. "ஊரெல்லாம் ஸ்னோவை வெளியில தள்ளுது, நீங்கள் வளவுக்குள்ள கொண்டு வாறியள்!"

கூடையை மரத்தடியில கவிழ்க்கப்போக, கிழவர் செருப்போட ஓடிவந்து கையைப் பிடிச்சார். "செல்! செல்!" எண்டார் பிரெஞ்சில. உப்பு! ஐஸ் கரையட்டும் எண்டு றோட்டுக்குப் போட்ட உப்பு முழுக்க அந்த ஸ்னோவில. கொட்டியிருந்தால் அண்டைக்கே கருவாடு. கூடையைத் திரும்ப றோட்டில கொண்டுபோய்க் கவிழ்த்தன். பேந்து ரெண்டு கிழடுகளும் கராஜ் கூரையில மிஞ்சியிருந்த ஸ்னோவைத் தும்புத்தடியால தட்டித் தட்டி விழுத்தினம். கழுத்துக்குள்ளால போகுது, நாங்கள் சிரிக்கிறம். மரம் மூடுபட்டுப் போச்சு. "ப்ளூஸ்!" எண்டுறார் கிழவர், இன்னும் போடு எண்டு.

ஏப்பிரலில ஸ்னோ வத்த, நுனி தெரிஞ்சுது. மண்ணிறம். கறள் பிடிச்ச கம்பி மாதிரி. முழு மரமும் அப்பிடித்தான்.

மனுசி கீழ இறங்கி வந்தா. நான் அப்பவே சொன்னனான்தானே எண்டு நக்கலடிக்கப் போறா எண்டு நினைச்சன். அவ மெல்லமா, "போச்சுதென்ன" எண்டு மட்டும் கேட்டா. நான் சுத்தியிருந்த கம்பிவலையைக் கழட்டினன். கிழவர் தன்ரை அத்தியை நிமித்திக்கொண்டு நிண்டவர், திரும்பிப் பார்த்து, நகத்தால சுரண்டிற மாதிரிக் காட்டினார். எனக்குக் கை வரேல்லை. போனமுறை பார்த்த விறகு கண்ணுக்குள்ள நிக்குது.

மனுசிதான் குந்தியிருந்து சுரண்டினா. இஞ்சித்தோல் சுரண்டிற அதே நகம்.

"பச்சை! இஞ்சேருங்கோ, பச்சை! ஈரமாக் கிடக்கு!"

உண்மைதான். மண்ணிறத்துக்குக் கீழ பச்சை. அது குளிருக்கு நிறம் மாறி நித்திரை கொண்டிருக்கு, அவ்வளவுதான்! நான் கிழவரைக் கட்டிப்பிடிச்சிட்டன். அவரின்ரை உடுப்பு முழுக்க மண். மனுசி மரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கும் குளிராம், பாவம், உள்ளுக்கை கொண்டுபோவமே?" எண்டா.

"நோன்!" எண்டம் நானும் கிழவரும் ஒரே வாயில.

மே மாசம் நுனியெல்லாம் இளம்பச்சை. வெட்டுவம் எண்டு கத்திரிக்கோலைத் தேடினன், குசினி முழுக்கக் காணேல்லை. மனுசிதான் ஒளிச்சு வைச்சிருக்கிறா. மரம் கொஞ்சம் தேறட்டுமாம், ஜூன் வரைக்கும் தரமாட்டாவாம்.