குளித்துக்கொண்டே இருந்தவர்

என் ஜோக்குக்கு யாராவது சிரித்துவிட்டால் அவர்களை நல்லவர்கள் என்று நம்பிவிடும் வியாதி எனக்கு உண்டு. ஐம்பதைத் தாண்டியும் குணமாகவில்லை. வீட்டில் யாரும் சிரிக்காததால் வந்ததாக இருக்கலாம். அந்த வியாதியோடுதான் ஒரு மனிதரைப் பூட்டிய கேட்டுக்குள் அனுப்பிவைத்தேன்.

ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு காற்றாடி, ஒரு தொலைபேசி, பிறகு நான். தங்க இடமில்லாதவர்களைப் பற்றி யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். விவரம் கேட்டுக்கொண்டு, எங்கே அனுப்பலாம் என்று பார்ப்பது என் வேலை. பட்டணத்தில் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் படுத்திருப்பவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். தெற்கே, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டங்களில், தொழிலாளர் லயத்தை இடித்த பிறகு போக்கிடம் இல்லாமல் நிற்பவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்களை அனுப்ப என்னிடமும் இடம் கிடையாது. காப்பகங்கள் தூரத்தில். அங்கேயும் புண் இருந்தால் வேண்டாம், நடக்க முடியாவிட்டால் வேண்டாம்.

சுங்காயில் சந்தைக்குப் பின்னால் படுத்திருந்த ஒரு அண்ணனுக்கு இரண்டும் இருந்தன. பால்மரம் சீவியே அறுபதைக் கடந்தவர். இனிப்புநீர், காலில் ஆறாத புண். அவருக்குக் கட்டுப் போடும் கிளினிக் நர்ஸ், எங்கள் பக்கத்துப் பேச்சில் மிஸ்ஸி, அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

“மழத்தண்ணியில படுத்துக் கெடந்தா நான் கட்டுப் போட்டு என்னா லா புண்ணியம்? காய்ஞ்ச எடமா ஒண்ணு பாருங்கண்ணே. இல்லன்னா கால எடுத்துருவாங்க.”

எனக்குத் தெரிந்த எல்லா இடத்துக்கும் போன் போட்டேன். எல்லோரும் மரியாதையாக முடியாது என்றார்கள். அந்த வாரமே ஒருவர் தானாகக் கூப்பிட்டார். பழைய தோட்டத்து மேனேஜர் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம்.

“கட்டிலு சும்மாத்தான் கெடக்குண்ணே. சாப்பாடு நம்மளுது. ஆள மட்டும் அனுப்புங்க.”

“எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. வீட்டுல தொரத்துனா வாரேன்” என்றேன்.

மனிதர் மூச்சுவாங்கச் சிரித்தார். நான் விழுந்துவிட்டேன். படமும் அனுப்பினார். வரிசையாகக் கட்டில்கள், மெத்தைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. எவ்வளவு சுத்தம் என்று வியந்தேன். நேரில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அவரே வேன் கொண்டுவந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்.

அனுப்பிய ஆளிடம் சில நாள் கழித்துப் பேசிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அண்ணனிடம் கைப்பேசி இல்லை. பங்களாக்காரரைக் கூப்பிட்டேன்.

“குளிக்கிறாருண்ணே.”

மறுநாள் காலையிலும் குளித்தார். மாலையிலும் குளித்தார். அடுத்த நாள் உச்சி வெயிலிலும் குளித்தார்.

“பேராக்குலயே சுத்தமான மனுசன் அவருதான் போல” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கீழே பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி அந்த எண்ணை அழுத்தப் போய்க் கையை எடுத்தேன். பசி என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

பிறகு மிஸ்ஸி கூப்பிட்டார். “அந்தண்ணன் கட்டு மாத்த ஒரு தடவகூட வரல. எங்க ஆளு?”

“குளிச்சிக்கிட்டு இருக்காரு” என்றேன், பழக்கத்தில்.

“கட்டுல தண்ணி படவே கூடாதுன்னு சொல்லி அனுப்புனேன். என்னாத்த குளிக்கிறாரு?”

மறுநாள் இருவரும் என் காரில் போனோம். செம்பனைக்குள் நுழைந்ததும் பட்டப்பகலே மங்கிப்போயிற்று. மரம், மரம், அதே மரம். கேட்டில் புதுச் சங்கிலி தொங்கியது. ஒரு நாய் குரைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. குரைத்திருந்தால் தேவலை. பங்களாக்காரர் சாவியோடு மெதுவாக நடந்து வந்தார்.

“சொல்லிட்டு வந்திருக்கலாமேண்ணே.”

“சொன்னா நீங்களும் குளிக்கப் போயிருவீங்களே.”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கூடத்தில் கட்டில்கள் படத்தில் இருந்தபடியே இருந்தன. பிளாஸ்டிக் உறையில் ஒரு சுருக்கம் இல்லை. பின்பக்கமிருந்து களைக்கொல்லி வாடை வந்தது. மிஸ்ஸி யாரையும் கேட்காமல் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஒரு ஸ்டோர். அதன் வாசலில் உரச்சாக்கின் மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முதுகில் சுமக்கும் களைமருந்துத் தொட்டியின் வார் தோளில் சிவப்பாகப் பதிந்திருந்தது. காலில் மிஸ்ஸி அன்று போட்டு அனுப்பிய அதே கட்டு, கறுத்துப்போய். என்னைக் கண்டதும் அவர் முதலில் பங்களாக்காரர் முகத்தைத்தான் பார்த்தார்.

“சும்மா ஒக்காந்தா ஒடம்பு கெட்டுரும்னு அவரேதான் மருந்து அடிக்க வாரேன்னாரு” என்றார் பங்களாக்காரர்.

“கால் அழுகுது. இப்பவே கூட்டிட்டுப் போறேன்” என்றார் மிஸ்ஸி. அடையாள அட்டையையும் கேட்டார். “அவரு ஐசி எங்க?”

“பத்திரமா இருக்கு. அப்பறம் தாரேன்.” அவர் என் பக்கம் திரும்பினார். “இவரு ஒருத்தர்தானே, அண்ணே?”

ஸ்டோருக்குள்ளே இருட்டு. அந்த இருட்டில் யாரோ இருமினார்கள். இருமலை உடனே கையால் அடைத்ததும் கேட்டது.

“ஆமா, ஒருத்தர்தான்” என்றேன். அண்ணனைத் தாங்கிப் பிடித்துக் காருக்கு நடத்தினேன்.

கார் கிளம்பும்போது பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம். அண்ணனையும் மிஸ்ஸியையும் கிளினிக்கில் விட்டுவிட்டு நேராகப் போலீஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் கொடுத்தேன். மறுநாள் காலை போலீஸ் போனபோது கேட் திறந்தே கிடந்ததாம். கட்டில்கூட இல்லை. ஸ்டோரில் வெறும் சாக்குகள். பங்களாக்காரர் எண்ணைக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. இருமியது யார், அவரை அங்கே அனுப்பியது யார், எனக்குத் தெரியாது. என்னைப் போல எங்கோ இன்னொரு மேசை இருக்கிறதோ என்னவோ. இப்போதும் யாராவது போனில் “எடம் இருக்குண்ணே” என்றால் என் காது அந்த இருமலைத் தேடுகிறது.

அண்ணனுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. ஆஸ்பத்திரிக்கு மைலோவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். டிஸ்சார்ஜ் ஆனதும் எங்கே தங்குவது என்பதுதான் பேச்சு.

“இந்தத் தடவ நல்ல எடமா பாத்து வச்சிருக்கேண்ணே” என்றேன்.

கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“மொதல்ல நீங்க போயி அங்க ஒரு ராத்திரி படுத்துட்டு வாங்க தம்பி. அப்பறம் என்னைய அனுப்பலாம்.”