தொடக்கூடாத குட்டிகள்

மனுஷ ஆஸ்பத்திரியில் நோயாளி கத்துவார், கூட வந்தவர் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். நாய் ஆஸ்பத்திரியில் நோயாளி சத்தம் காட்டாமல் படுத்திருக்கும், கூட வந்தவர்தான் கத்துவார். மன்னார்புரத்தில் ஒரு தனியார் நாய் கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஸ்டெல்லா என்று அழகாகப் பெயர் வைத்துத்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் வருகிறவர்கள் என்னைக் கூப்பிடுவது ‘இங்க யாருமே இல்லையா’ என்றுதான்.

எங்கள் கிளினிக்கின் பின்பக்கம் பழைய கார் ஷெட்டைத் தடுத்து ஓர் அறை கட்டியிருக்கிறோம். அதுதான் பார்வோ அறை. பார்வோ என்பது குட்டிகளுக்கு வரும் வைரஸ். வாந்தி, ரத்த பேதி என்று ஆரம்பித்து, நேற்றுவரை செருப்பைக் கடித்துக் குதறிய குட்டியைத் துணி மாதிரி கிடத்திவிடும். அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றலாம், வாந்தியை அடக்கலாம், வேறு கிருமி சேராமல் ஊசி போடலாம். மற்றபடி குட்டியின் உடம்பு தானாகச் சண்டை போட்டு ஜெயிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குட்டியைப் பார்வோவுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் கழுத்துப் பட்டையோடு ஆட்டோவில் வீடு திரும்பியவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் முதலில் போய்க் குட்டிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, அப்புறம் வந்து படிக்கலாம்.

வாசனை

பார்வோவுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. ரத்தமும் இரும்பும் ஊசிப்போன ஏதோ ஒன்றும் கலந்தது. குட்டி வாசல் கேட்டைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிடும். டாக்டர் பரிசோதனைக் கிட்டை எடுத்து, அதில் கோடு விழும்வரை காத்திருந்து சொல்வார். அதற்குள் நான் பின்னறையில் டிரிப்ஸ் பாட்டிலை மாட்டியிருப்பேன். மூக்கு சரியாக இருப்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஒரு தடவையாவது தப்பாகப் போகக்கூடாதா என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.

போன கோடையில் மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் லேப்ரடார் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டை முதுகெல்லாம் பேதி வழிந்திருந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. ஒரே ஊசியில் சரியாக்க வேண்டும், சாயங்காலம் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள் என்றார். டாக்டர் பொறுமையாக, மருந்து இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும் என்று விளக்கினார். குட்டி மறுநாளே போய்விட்டது. ஆனால் அவர் அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. “மனுஷனுக்கு என்னென்னமோ கண்டுபுடிச்சிட்டாங்க மேடம், இத்தனூண்டு நாய்க்குட்டிக்கு ஒரு பேதி மாத்திரை கண்டுபுடிக்கலையா?”

கூடையில் வந்தது

அதே வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். பெயர் வைதேகி. இரண்டு கையையும் நன்றாக நீட்டி, உடம்பில் படாமல், ஒரு பிளாஸ்டிக் கூடையைப் பிடித்திருந்தார். காவிரிப் பாலம் தாண்டி மன்னார்புரம் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கூடைக்குள் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு தெருக்குட்டி. நாற்றம் கேட்டிலேயே வந்துவிட்டது.

மாமியின் மகள் கோதை, சித்திரை வீதியில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, நிறத்தைப் பார்த்து அக்காரவடிசில் என்று பெயர் வைத்திருக்கிறாள். அப்புறம் லீவு முடிந்து, படிக்கிற கோயம்புத்தூருக்கே ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். பெருமாள் அமுது செய்கிற பண்டத்தின் பெயரை ஒரு நாய்க்கு வைத்ததை மாமி ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு அது ‘அது’தான். கொல்லையில் கிணற்றடியில் கட்டியிருந்தார்களாம். தள்ளி நின்று சாதம் போடுவாராம். கையால் தொட்டதே இல்லை.

பார்வோ அறைக்குள் போகிறவர்களிடம் நாங்கள் ஒரு பாடமே நடத்துவோம். வெளிச்செருப்பு உள்ளே வரக்கூடாது, அறைக்கென்று தனிச் செருப்பு, தனி அங்கி, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் நனைத்துத்தான் வெளியே வர வேண்டும், கண்டதைத் தொடக்கூடாது, தொட்டால் கை கழுவாமல் இன்னொன்றைத் தொடக்கூடாது. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். டாக்டர் வைரஸ், காண்டமினேஷன் என்று மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே போனார். வைதேகி மாமி பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். “மடின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போறுமே டாக்டர், அதுக்கு எதுக்கு இவ்வளவு இங்கிலீஷ்?”

இளநீர்

செருப்பு விஷயத்தைக்கூட மனிதர்கள் ஒருவழியாகக் கேட்டுக்கொள்வார்கள். பட்டினி விஷயத்தை மட்டும் கேட்க மாட்டார்கள். வாந்தி நிற்கும்வரை குட்டிக்கு வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் டாக்டரின் கண்டிப்பு. எல்லாம் டிரிப்ஸில்தான் போகும். நான் ஊசி மாற்ற அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இந்தப் பக்கம் யாராவது பால் பன்னைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாமியின் குட்டிக்கு அடுத்த கூண்டில் பழனிசாமியின் குட்டி. அவர் உப்பிலியபுரத்துக்காரர், தோட்டக் காவலுக்கென்று வாங்கிய கறுப்புக் குட்டியைச் சாக்கில் சுற்றி பைக்கில் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர். என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டு, சொந்தத் தோப்பு இளநீரை மூடியால் ஊற்றிக் கொடுத்துவிட்டார். நான் வருவதற்குள் குட்டி அத்தனையையும் ரத்தத்தோடு கக்கியிருந்தது. நான் கத்தினேன். கத்துவது எனக்கு நன்றாக வரும். அவர் பதிலுக்குக் கத்தவில்லை, துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “மாட்டுக்குச் சீக்குன்னாலும் நாங்க தண்ணி காட்டாம இருந்ததில்லைங்க, அது வாயத் தொறந்து கேக்கறப்ப நான் எங்கங்க மூஞ்சிய வச்சுக்கறது?”

ஏகாதசி

வைதேகி மாமி எதுவும் கொடுக்கவில்லை. காலையில் வருவார், நாற்காலியைக் கூண்டிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருவார், வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்க்கும். அவர் சுவரைப் பார்ப்பார். “ஏகாதசின்னு நெனச்சுக்கோ” என்று சுவரிடம் சொல்வார். எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. குட்டிக்கு ஒருவர் இப்படி வந்தால் என் தொண்டை தப்பிக்கும் என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் எழுந்தவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். உட்காரவைத்து, விசிறி, சாப்பிட்டீங்களா என்று துருவித் துருவிக் கேட்டேன். குட்டியைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் தீர்த்தம், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். என் டப்பாவில் அன்றைக்கு மீன் குழம்பு, அதை நீட்டவும் முடியாது. எனக்குக் கோபம்தான் வந்தது. நாய்க்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் உங்களுக்கும் டிரிப்ஸ் போடணுமா மாமி என்று கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது பட்டினி கெடக்கறதைப் பார்த்துட்டு ஆத்துக்குப் போய் நான் எப்படிடீம்மா தளிகை பண்ணிச் சாப்பிடுவேன்?”

பழனிசாமியின் மண்

கறுப்புக் குட்டி செத்துப்போனது. இளநீரால் இல்லை. அது வந்தபோதே மோசமாகத்தான் இருந்தது, அதை நான் பழனிசாமியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. தோப்பில் புதைக்கிறேன் என்று கேட்டார். ஆழமாகத் தோண்டுங்கள், சுண்ணாம்பு போடுங்கள், இப்போதைக்கு வேறு குட்டி கொண்டுவராதீர்கள், அது படுத்த இடத்தில் இந்தக் கிருமி மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அவர் சாக்கைப் பைக்கில் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கட்டி முடித்து, முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல், தரையைப் பார்த்துச் சொன்னார். “அப்ப சீக்கு நாய்க்கு இல்லீங்க, எங்க மண்ணுக்குல்ல வந்திருக்கு.”

வீடியோ கால்

கோதை தினமும் அம்மாவுக்கு வீடியோ கால் போடுவாள். போன் அடித்தவுடன் மாமி அறையை விட்டு வெளியே போய், வேப்பமர நிழலில் முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வார். கோதைக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அதனால் எதுவும் சொல்லவில்லை. ‘அக்காரவடிசில் எங்கம்மா, காட்டும்மா’ என்று குரல் எனக்கே கேட்கும். ‘தூங்கறதுடி’ என்பார் மாமி. எப்பப் பார்த்தாலும் தூங்குகிறதா என்று அவள் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் வேறொன்று கேட்டாள். ‘ரெண்டாவது ஊசி போட்டாச்சாம்மா?’ மாமி ஆச்சு என்றார். போனை வைத்த பிறகும் அறைக்குத் திரும்பி வரவில்லை. நான் போய்க் கேட்டேன். முதல் தடுப்பூசியைக் கோதை போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள், இரண்டாவதை அம்மாவிடம் விட்டிருக்கிறாள். பங்குனி உத்சவம், வீடு நிறைய விருந்தாளி. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் வந்து தலைக்குக் குளிக்க வேண்டும், மடித்துணி உடுத்த வேண்டும், அப்புறம்தான் அடுப்படி. உத்சவம் முடியட்டும் என்று இருந்திருக்கிறார். ஊசி போட்டும் பார்வோ வந்த குட்டிகள் உண்டு மாமி என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு அது பொய் மாதிரிதான் இருந்தது. “தொடணுமேன்னு தள்ளிப் போட்டேன் ஸ்டெல்லா, வேற ஒரு காரணமும் இல்லை.”

பாரணை

வாந்தி நின்றது. ஒரு காலையில் நான் கதவைத் திறந்தபோது குட்டி தலையைத் தூக்கி வாலை ஒரு தட்டுத் தட்டியது. டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்து, ஒரு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நான் மாமிக்குப் போன் போட்டு, விரதம் முடிஞ்சுது, வாங்க என்றேன். சும்மா வாய்ப் பேச்சுக்குச் சொன்னது.

மாமி பெரிய டிபன் கேரியரோடு வந்து இறங்கினார். திறந்தால் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, வறுத்த சுண்டைக்காய், நெய் மணக்கப் பருப்புச் சாதம். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசியில் விரதம் முடிக்கிற பாரணைக்கு வீட்டில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும், நாய்க்கு. பட்டினி கிடந்த வயிற்றுக்கு அகத்திதான் நல்லது என்று என்னிடம் வாதாடினார். அந்த அறையில் நான் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை, அன்றைக்குச் சிரித்தேன். கேரியரை வாங்கி வைத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தேன். ஸ்பூனைக் குட்டி நக்கவில்லை. மாமி ஸ்பூனை வைத்துவிட்டு விரலைக் கிண்ணத்தில் தோய்த்து நீட்டினார். விரலை நக்கியது. அப்புறம் குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். டிரிப்ஸ் குழாய் சிக்காமல் எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டிக்கொடுத்தேன்.

அந்தப் பாரணையை அவரே, அந்த வேப்ப மரத்தடியில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். நான் கீரையை வழித்துத் தின்றுகொண்டிருந்தபோது டாக்டர் வந்து காதோரமாகச் சொன்னார். “ரொம்ப சந்தோஷப்பட்டுக்காதீங்க ஸ்டெல்லா, ரத்தத்துல வெள்ளை அணு இன்னும் ஏறவே இல்லை.”

தொட்டுக்கொண்டு

மறுநாள் காலை குட்டியின் காது ஜில்லென்று இருந்தது. ஈறு வெளுத்துப்போயிருந்தது. பார்வோவில் இப்படி ஒன்று உண்டு. எழுந்து உட்கார்ந்து, வாலாட்டி, நம்மை நம்பவைத்துவிட்டுப் போகும். குடலிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தோம், ஊசி மாற்றினோம். எனக்குத் தெரிந்த மாதா ஜெபம் முழுவதும் சொல்லிவிட்டேன்.

மாமி ஈரத் தலையோடு வந்தார். பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், நெற்றியில் இட்டது காயவில்லை. அங்கி போடவில்லை, செருப்பு மாற்றவில்லை. நானும் சொல்லவில்லை. நேரே கூண்டைத் திறந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். என்னென்னவோ பேசினார். குட்டிக்கு உயிர் இருந்த வரைக்கும் பேசினார், அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பேசினார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

அப்போது போன் அடித்தது. கோதைதான். கடைசிப் பரீட்சை முடிந்து, ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளாம். நான் வேண்டுமானால் பேசட்டுமா மாமி என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். மரத்தடிக்குப் போகவில்லை. குட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, போனை அதன் பக்கம் திருப்பினார். “அக்காரவடிசில் போயிடுத்துடி கோதை... நான் தொட்டுண்டுதான்டி இருந்தேன்.”

காலையிலிருந்து சாயங்காலம்வரை ‘தொடாதீங்க, தொடாதீங்க’ என்று கத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறேன், ஒருவர்கூட என் பேச்சைக் கேட்பதில்லை, அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த வேலையை இன்னும் விடாமல் இருக்கிறேன்.